வடக்கு வீதியில் ஒரு சங்கிலி

என் மச்சான் முகம்மது கனிக்கு உலகம் முழுக்கத் தெரியும். ஆப்பிரிக்காவில் எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உறையூரில் அவருடைய சொந்தச் சின்னம்மா வீடு எந்தச் சந்து என்று கேட்டால் மட்டும் என் வண்டியைத் தேடுவார். நான் குதிரை வண்டி ஓட்டினவன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, என் குதிரைக்கு அதுவும் இல்லை. திருச்சியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட வழி தவறினது கிடையாது.

மச்சான் என்றால் என் அக்கா வஹீதாவைக் கட்டினவர். அதற்கு முன்னாலேயே சொந்தம்தான். அவருடைய அத்தா காதர் மீரா ராவுத்தர் எங்கள் அம்மாவுக்குப் பெரியம்மா மகன், அதனால் எங்களுக்கு மாமு. மீரா மாமுவுக்கு நான்கு மகன்கள். மூன்று பேர் மாமுவோடு தோல் கிடங்குக்குப் போனார்கள். நாலாவது இவர். தோல் நாற்றம் உடம்புக்கு ஆகாது என்று டிராயிங் பரீட்சை எழுதினார். பரீட்சை எழுதுகிற வரைக்கும் தின்ற சோறு அந்த நாற்றத்தில் வந்ததுதான். அது மட்டும் உடம்புக்கு ஆயிற்று.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். டிராயிங்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேலை நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் சித்திரையில் போகும், ஆனியில் திரும்ப வரும். இப்படி இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம், அது முப்பத்தி நாலோ முப்பத்தி அஞ்சோ, ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் பார்த்து நல்லபடியா எழுதிட்டுப் போனா உம்ம வேலை நிலைக்கும். இல்லேன்னா வேற ஆள்."

வேலை நிலைத்தால்தான் தனிக்குடித்தனம் என்று மச்சான் என் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரைக்கும் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அவரும் எங்கள் வீட்டில். எங்கள் கூடத்துச் சுவரில் அவருடைய உலகப்படம். பக்கத்தில் எங்கள் அத்தா தொழுகிற பாய்.

அந்தப் பாயைக்கூட அவர் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உலகப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க நேர் மேற்கே பார்த்துத் தொழறீங்க. மக்கா கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கு" என்று பாயின் ஒரு முனையைப் பிடித்து வலப்பக்கம் நாலு விரற்கடை திருப்பிப் போட்டார்.

அத்தா அவரையும் பார்த்தார், பாயையும் பார்த்தார். "நாப்பது வருஷமா நான் தொழுததெல்லாம் எந்த ஊருக்குப் போச்சுங்க மாப்பிள்ளை?" என்றார்.

மச்சான் மறுபடி படத்தைப் பார்த்தார். "ஏடன் பக்கம் போயிருக்கும்" என்றார்.

அப்புறம் ஒரு மாசம் அத்தா அவரோடு பேசவில்லை. பாய் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையை ஏடனுக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் கையில் சுருட்டின படமும் தலையில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பியுமாக என் வண்டியில் ஏறுவார். காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம். உலகத்தையே சுருட்டிக் கக்கத்தில் வைத்திருக்கிற மாதிரி உட்கார்ந்து வருவார். சவாரிக்கு ஆள் இல்லாத நாளில் நான் ஜன்னலுக்கு வெளியே குதிரையை நிறுத்திவிட்டு அவர் பாடத்தைக் கேட்பேன். வேடிக்கைக்குப் பஞ்சமே இருக்காது.

முதல் நாள் பாடம், அவனவன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற வழியைப் படமாகப் போட வேண்டும். எல்லாம் பதினாலு, பதினஞ்சு வயசுப் பயல்கள். ரெங்கராஜ் என்று ஒரு கோயில் வீட்டுப் பையன். அவன் போட்டதில் பாதிக் காகிதம் கோபுரம், மீதிப் பாதியில் மற்ற ஸ்ரீரங்கம். வீரமலை என்று ஒருத்தன், அப்பாவுக்குக் காய்கறிக் கடை. அவன் போட்டதில் கடை மட்டும்தான் இருந்தது, கத்தரிக்காய்கூடத் தனித்தனியாக.

மச்சான் இரண்டையும் தூக்கிக் காட்டினார். "பெருசுன்னு நீ நினைக்கறதைப் பெருசாப் போடாதே. படத்துக்குப் பெரிய மனுஷன் சின்ன மனுஷன் கிடையாது. கலெக்டர் பங்களாவும் கழுதைக் கொட்டகையும் அடிக்கணக்குத்தான்."

"சார், வடக்கு ஏன் மேலே இருக்கணும்?" என்றான் ரெங்கராஜ். "எங்க பெருமாள் தெற்கே பார்த்துன்னா சயனிச்சிண்டிருக்கார்? அப்போ தெற்குதானே உசத்தி?"

"உங்க அகத்துல எப்படி வேணா வச்சுக்கோ. என் கிளாஸ்ல வடக்கு மேலே."

"கீழே இருந்தா தெற்குக்குக் கோவம் வராதா சார்?" என்றான் வீரமலை. வகுப்பே சிரித்தது. அவனுக்கு மட்டும் பிரம்படி விழுந்தது. கேள்வியைத் தொடங்கின ரெங்கராஜுக்கு விழவில்லை. படத்துக்குத்தான் பெரிய மனுஷன் சின்ன மனுஷன் கிடையாது, பிரம்புக்கு உண்டு.

இன்ஸ்பெக்டர் தேதி வந்ததும் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலைச் சுற்றி இருக்கிற நாலு சித்திரை வீதியையும் பையன்களை வைத்தே அளந்து, கதவு அகலத்துக்குப் பெரிய படமாகப் போட்டு மாட்டுவது. யாரையோ பிடித்துச் சர்வேக்காரர்களின் இரும்புச் சங்கிலி ஒன்று இரவல் வாங்கினார். நூறு கண்ணி சேர்ந்தது ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. அதோடு பத்து இரும்பு அம்பு, தலையில் சிவப்புத் துணி கட்டினது. முன்னால் போகிறவன் சங்கிலி முடிகிற இடத்தில் ஓர் அம்பைக் குத்த வேண்டும். பின்னால் வருகிறவன் அந்த இடத்துக்கு வந்ததும் பிடுங்கிக்கொள்ள வேண்டும். வீதி முடிந்ததும் பின்னால் வந்தவன் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி. பத்தும் சேர்ந்துவிட்டால் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, அம்புகளை முன்னால் போகிறவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு ஒரு மாசம் பாடம்.

அந்தப் பாடத்தில் மச்சான் தினம் சொன்னது இரண்டு சட்டம். தொழுகைக்கு ஓதுகிற மாதிரி பையன்களை எழுப்பிச் சொல்லவைப்பார். ஒன்று, காலால் நடக்காததைக் கையால் வரையாதே. இரண்டாவது, ஒரு வீதியைப் போகும்போது ஒரு தடவை, எதிர்த்திசையில் திரும்பி வரும்போது ஒரு தடவை அளக்க வேண்டும். போன கணக்குக்கும் வந்த கணக்குக்கும் நாலு கண்ணியாவது வித்தியாசம் இருக்கும். சமமாக இருந்தால் ஒருத்தன் பொய் சொல்கிறான்.

சொல்லிக்கொடுத்தவர் எத்தனை வீதி நடந்தார் தெரியுமா? பையன்களைச் சங்கிலியோடு உள்ளே அனுப்பிவிட்டு, தெற்கு வாசலுக்கு வெளியே சோடாக்கடை பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போகலியா மச்சான்?"

"நான் அங்கே சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தினா ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான்டா. எதுக்கு வம்பு?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று இவரே நினைத்துக்கொண்டு நாலு நாள் நாலு சோடா குடித்தார்.

ஐந்தாம் நாள் நோட்டு வந்தது. கிழக்கு வீதி, மேற்கு வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. நாலிலும் போன கணக்கும் வந்த கணக்கும் ஒரு கண்ணி பிசகாமல் சமம். எழுதப் படிக்கத் தெரியாத என் குதிரைக்குக்கூட அந்த நோட்டைக் காட்டினால் கனைத்திருக்கும். இவர் என்ன செய்தார்? "பாத்தியாடா பரக்கத்து, என் பசங்க அளவை! ஒரு கண்ணி வித்தியாசம் இல்லை!" என்று பூரித்துப்போய், "திருப்பி அளந்தது சரி" என்று கீழே கையெழுத்தைப் போட்டார். ஒரு மாசம் ஓதின சட்டம் சோடாவோடு ஏப்பமாகப் போய்விட்டது.

படம் போடும்போது இன்னொரு சங்கடம். தெற்கு வீதி இருபத்திரண்டு சங்கிலி, வடக்கு வீதி இருபத்தொன்று. கட்டம் சேரவில்லை. எங்கள் கூடத்தில் படத்தை விரித்து, ரப்பரால் அழித்து அழித்து, கிழக்கு வீதியை மேலே போகப்போக உள்ளே சாய்த்துப் போட்டுக் கட்டத்தை மூடினார். நான் அந்த வீதியில் ஆயிரம் தடவை வண்டி ஓட்டினவன்.

"கிழக்கு வீதி நேரா இருக்கும் மச்சான்."

"பழைய காலத்து ஊருடா. கோணலாத்தான் இருக்கும். உன் குதிரைக்குத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் வந்தார். கும்பகோணத்துப் பக்கத்து மனுஷர், பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை. ஸ்டேஷனிலிருந்து அவரை ஏற்றி வந்தது நான்தான். வழியெல்லாம் ஸ்ரீரங்கத்தில் தோசை எங்கே நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. படத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். மச்சானுக்குத் தொப்பிக் குஞ்சம் ஆடியது. ரெங்கராஜை எழுப்பி, அளக்கிற சட்டம் என்ன என்று கேட்டார்.

பையன் கணீரென்று சொன்னான்: "போன கணக்கும் வந்த கணக்கும் சமமா இருந்தா ஒருத்தன் பொய் சொல்றான் சார்!"

"பேஷ்" என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார். "எல்லாம் சமமா இருக்கே. அப்போ யார் பொய் சொன்னது?"

ஜன்னலுக்கு வெளியே எனக்கே வேர்த்துவிட்டது. மச்சான் அப்போதுதான் அந்த நோட்டை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

"திரும்பி அளந்தது யார்?" என்றார் இன்ஸ்பெக்டர். ரெங்கராஜ் வீரமலையைக் காட்டினான். வீரமலை இன்னொருத்தனைக் காட்டினான். அவன் ரெங்கராஜைக் காட்டினான். கடைசியில் ரெங்கராஜ்தான் வாயைத் திறந்தான்.

"திரும்பி அளக்கலை சார். வலமா ஒரு சுத்து அளந்தோம். திரும்பி அளந்தா நாலு வீதியும் இடமாச் சுத்தணும். பித்ரு காரியத்துக்குத்தான் அப்படிச் சுத்துவா. பெருமாளை வச்சுண்டு அப்பிரதட்சிணமா வந்தா மகா அபசாரம் சார். அதனால அதே கணக்கை எழுதிட்டோம்."

"எங்கப்பாவும் கடையிலேயே சொல்லிட்டாரு சார், இடமாச் சுத்தினா அந்தச் சங்கிலியாலேயே உரிச்சிடுவேன்னு" என்றான் வீரமலை.

பெருமாளுக்குச் செய்தால் அபசாரம், சர்க்கார் நோட்டில் பொய் எழுதினால் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் தன்னை மறந்து, "வாஸ்தவம்தானே" என்றுவிட்டார். அப்புறம் சம்பளம் ஞாபகம் வந்து முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டார். "பசங்க வேண்டாம். மாஸ்டர், நீரே இப்போ திருப்பி அளந்துண்டு வாரும். கணக்கு ஒத்துப்போனா நான் நல்லபடியா எழுதறேன்."

எல்லோரும் கிழக்கு வீதியின் தெற்கு முனைக்கு வந்தார்கள். அங்கிருந்து வடக்கே கிளம்பினால் இடச்சுற்று.

"நீங்களும் கூட வந்து பாருங்க சார்" என்றார் மச்சான்.

"எனக்கு வெயில் ஆகாது. இங்கேயே நிக்கறேன்."

அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு ஒரு துளி வெயில் இல்லை. ஹெட்மாஸ்டருக்கும் அந்த வெயில் ஆகவில்லை. கடைசியில் கிளம்பினது மூன்று பேர். சங்கிலியின் முன்முனை பள்ளிக்கூடப் பியூன் அடைக்கலத்திடம், அவன் பாலக்கரை மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். பின்முனை என் மச்சானிடம். நோட்டு என்னிடம்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மனுஷர் வீதியில் இறங்கினார். குனிந்து அம்பு பிடுங்குகிறபோது தொப்பி மூன்று தடவை விழுந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற மாமி, "ஏண்டாப்பா, இடமாப் போறேள்?" என்றார்.

"ஒரு கணக்குக்காகப் போறோம் மாமி" என்றான் அடைக்கலம்.

"அடப்பாவமே, யாரு போயிட்டா?"

"இன்னும் போகலை மாமி. சாயந்தரம் தெரியும்" என்றேன் நான், மச்சானைப் பார்த்து. அவர் அடுத்த அம்பைப் பிடுங்கக் குனிந்தார்.

கிழக்கு வீதி நாலு கண்ணி கூட வந்தது. அது சகஜம். வடக்கு வீதியில் திரும்பினோம். பாதியில் அம்பு பத்தும் அவர் கையில் சேர்ந்தது. அடைக்கலத்திடம் கொடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது இரும்பு அம்பு. பத்தாவது குடைக்கம்பி. அதன் தலையிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது, பார்வைக்கு அம்பு மாதிரியே. கிழக்கு வீதியில் தொப்பியைப் பிடிக்கிற மும்முரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

"இது எப்போ உள்ளே வந்துச்சு?" என்றார். எங்களுக்கு என்ன தெரியும்? அடைக்கலம் மட்டும், "ஒரு அம்பு தொலைஞ்சிருக்கும் சார். அடிக்குப் பயந்து பசங்க இதைச் சேத்துட்டானுங்க" என்றான்.

வடக்கு வீதி முடிந்தது. மச்சான் எண்ணினார். ஒரு கோடு, இரண்டு கோடு, கையில் இரண்டு அம்பு. இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டேதான். பையன்கள் வழியில் ஓர் அம்பைத் தொலைத்து, ஒரு சங்கிலியைக் குறைத்து எண்ணியிருக்கிறார்கள். அந்த ஒரு சங்கிலியை மூடத்தான் கிழக்கு வீதி கோணலாகிப் போயிருக்கிறது.

நாங்கள் நின்ற இடத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் கோயிலே இருந்தது. ஒரு குருவிகூடப் பார்க்கவில்லை. நான் நோட்டை நீட்டினேன்.

"இருபத்தொண்ணுன்னு எழுதுங்க மச்சான். நாலு கண்ணி கூடப் போட்டுக்கங்க. முடிஞ்சுது."

"எழுதிடுங்க சார்" என்றான் அடைக்கலம். "எனக்கு எண்ணவே தெரியாது. நான் சாட்சிக்கு வரமாட்டேன்."

மச்சான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தான் சாய்த்துப் போட்ட கிழக்கு வீதி இருந்த பக்கமே பார்த்தார். நாங்கள் அளந்து வந்தபோது அது முனையிலிருந்து முனை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது.

"அந்தக் கோணல் வீதியோடது இல்லடா. என்னோடது" என்றார்.

"இருக்கட்டும். அக்காவை நெனச்சுப் பாருங்க. ஒரே ஒரு கோடுதான்."

"நடந்துட்டேனேடா."

எழுதினார். இருபத்திரண்டு. நாலு நாள் நடக்க வேண்டியபோது சோடாக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு, உட்கார வேண்டிய அன்றைக்குக் கால் முளைத்தது. அரை மணி யோக்கியன் ஒருத்தனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அரை மணியை வேறு எந்த நாளிலாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

மேற்கும் தெற்கும் முடித்துத் திரும்பினோம். தோசைக்கு நேரமாகிவிட்ட கடுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார். "வடக்கே ஒரு முழுச் சங்கிலி வித்தியாசமா?"

"படம் தப்பு சார். வடக்கு வீதி இருபத்திரண்டு. கட்டம் சேரலைன்னு கிழக்கு வீதியைச் சாய்ச்சுப் போட்டது நான்தான். பசங்க இல்லை."

ரெங்கராஜுக்கு அழுகை வந்துவிட்டது. வடக்கு வீதியில் பெருமாள் புறப்பாடு பின்னாலேயே வந்துவிட்டதாம். சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் விழுந்து சேவித்தார்களாம். எழுந்து பார்த்தால் குத்தின அம்பைக் காணோமாம். எங்கே விட்டோம் என்று குத்துமதிப்பாக ஆரம்பித்தார்களாம். "சொன்னா அடிப்பேள்னு சொல்லலை சார்" என்றான். அந்த அடியும் வீரமலைக்குத்தான் விழுந்திருக்கும், அது வேறு கதை.

இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனதை ஹெட்மாஸ்டர் படித்துச் சொன்னார். பையன்களுக்கு விதிகள் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. வாத்தியார் தன் படம் தப்பு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். நிரந்தர வேலைக்குத் தகுதி போதாது. விதியை யார் சொல்லிக்கொடுத்தது, பூமியிலிருந்து முளைத்ததா என்று அந்தக் காகிதத்தில் இல்லை.

என் வண்டியில் வீடு திரும்பினோம். அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னங்க ஆச்சு?"

"வடக்கு வீதி இருபத்திரண்டு சங்கிலி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள், நான் குதிரையைப் பார்த்தேன். "சரி, அங்கேயே குடித்தனம் வச்சுடலாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். தனி வீடு அவளுக்கு அமையவே இல்லை. உலகப்படத்தை அன்றைக்கே சுவரிலிருந்து கழற்றி மடித்துப் பரணில் போட்டாள்.

அடுத்த மாசம் மச்சான் தோல் கிடங்குக்குப் போனார். நாற்றம் ஆயிற்று, எல்லாம் ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் அண்ணன்மார் கூடவே தோலின் நீளம் அகலம் அளந்தார். ஒவ்வொரு தோலையும் இரண்டு தடவை அளப்பார். வேலை ஓடவில்லை என்று அண்ணன்மார் திட்டுவார்கள். அந்த வகுப்பில் ஒரு பயலும் சர்வேக்குப் போகவில்லை. வீரமலை மார்க்கெட்டில் அப்பா கடையில் உட்கார்ந்தான். பக்கத்துக் கடைக்காரனோடு ஒன்றரை அடிக்குத் தகராறு வந்தபோது, கயிற்றைப் பிடித்துப் போய் ஒரு தடவை, வந்து ஒரு தடவை அளந்து அவன் வாயை அடைத்தானாம். அதுவும் ஒன்றரை அடிக்கு.

உலகச் சண்டை முடிந்த வருஷம், ஒரு சவாரிக்காரரை அந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அந்தப் படம். கீழே மச்சானுக்கு அப்புறம் வந்த வாத்தியாரின் பேர். அவருக்கு வேலை நிரந்தரமாகி, அதே படத்துக்குப் பரிசும் கொடுத்தார்களாம். வடக்கு வீதி இருபத்தொன்று. கிழக்கு வீதி அப்படியே உள்ளே சாய்ந்து கிடந்தது.

நேரே தோல் கிடங்குக்கு வண்டியை விட்டுச் சொன்னேன். மச்சான் தோலிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"கோணல் அப்படியே இருக்கா?"

"இல்லாம? உள்ளே நுழைஞ்ச உடனே கண்ணை உறுத்துது."

"மூணாங்கிளாஸோட நின்னவன் பாத்த உடனே சொல்லிட்டே" என்றார். "இத்தனை வருஷமா எத்தனை இன்ஸ்பெக்டருங்க பாத்துட்டுப் போயிருப்பானுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலை போன நாளிலிருந்து அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை போய், வீடு போய், தன் தப்பு இன்னொருத்தன் பேரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது, அதற்குச் சிரிக்கிறார். வண்டியில் ஏறிக் குதிரையைத் தட்டினேன். அவர் அந்தத் தோலை மறுபக்கத்திலிருந்து அளக்க ஆரம்பித்திருந்தார்.